ஆறுமணிக் குருவிக்கு நான் செய்தது

அந்தக் கார்த்திகையில் என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பொங்கல் கழிகிற வரைக்கும் மெடிக்கல் லீவு. பதினாறு வருடம் பெயிண்ட் ஷாப்பில் ஸ்ப்ரே கன் பிடித்த ஆள் நான். கார் பம்பர், கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடி எல்லாம் பூத்து என்கிற எங்கள் அடைத்த அறைக்குள் வந்து பளபளவென்று வெளியே போகும். கடைசிக் கோட் என் கைதான். அந்தக் கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பைத்தியம் பிடித்தது எனக்கு.

மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். படி ஏறினால் இருமல் நிற்காது. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த பூத்துக்குள்ள போவாதீங்க, வேற செக்‌ஷன் கேட்டு வாங்கிக்கங்க" என்று சொன்னார். என் கெட்ட நேரம், என் சம்சாரம் பக்கத்திலேயே நின்றாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான்.

"லெட்டர் எழுதிக் குடுயா. ஸ்டோர்ஸ்ல போடச் சொல்லி கேளு. உங்க சூப்பர்வைசரு நல்ல மனுசன்தானே, இல்லன்னா சொல்லப் போறாரு?"

"ஸ்டோர்ஸ்ல போயி அட்டப்பெட்டி எண்ணச் சொல்றியா? என்னையா?"

"எண்ணினா இன்னா, கை தேஞ்சிடுமா? நெஞ்சு பஸ் கண்டக்டர் கணக்கா விசில் அடிக்குது. பூத்து பூத்துன்னு, இன்னா வெச்சிகினு கீற அதுல?"

என்ன வைத்திருந்தேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. படிப்பு வராது, நிலம் போய்விட்டது, ஊரில் எவனும் என்னை ஒரு ஆளாக மதித்தது கிடையாது. அந்த பூத்துக்குள் மட்டும் நான் கன்னைத் தூக்கினால் பேச்சு நிற்கும். பெயிண்ட் ஒரு சொட்டு வழியாது. புதுப் பையன்களை என் பின்னால் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை விட்டுக் கொடுக்க மாட்டேன், செத்தாலும் அங்கேதான் சாவேன் என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவள் சோற்றுத்தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் குருவிகள் வந்தன.

தோட்டம் என்று அதைச் சொல்ல அவளுக்கு மட்டும்தான் தைரியம் வரும். வீட்டுக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகிற இடம். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துணி துவைக்கிற கல், அந்தத் தண்ணி ஓடிப் போய் நிற்கிற இடத்தில் ஒரு வாழைக்கொத்து. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கோடவுனின் தகரச் சுவர் வானம் வரைக்கும் நிற்கும். வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகப் போக இலைக்கெல்லாம் சாம்பல் பூசினாற்போல் ஒரு தூசி. மழை விட்ட பிறகு ஒரு வாரம் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். இதற்குள் எவன் வருவான் என்று நினைத்தேன்.

வந்தார்கள். முதலில் தவிட்டுக்குருவிகள், ஏழெட்டுப் பேர், யூனியன் மீட்டிங் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தில் ஒரு வாலாட்டிக் குருவி. நிற்காது, நடக்கும், வால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். கோடவுன் கேமரா வயரில் ஒரு கரிச்சான் உட்கார்ந்து பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். பதினாறு வருடம் இதே வீட்டில்தான் இருந்தேன். காலை ஷிஃப்டுக்கு இருட்டில் போய், ஓ.டி. பார்த்துவிட்டு இருட்டில் வருகிறவனுக்கு என்ன குருவி, என்ன கொய்யா? ஒன்றையும் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலை வாழைக்கொத்துக்குள்ளிருந்து ஒரு விசில் கேட்டது. இரண்டு ஒலியாக, தெளிவாக, ஆளைக் கூப்பிடுவது மாதிரி. எவனோ என் சம்சாரத்தைப் பார்த்து விசிலடிக்கிறான் என்று துடைப்பத்தோடு போனேன். யாரும் இல்லை. சாயந்தரம் மறுபடியும் கேட்டது. மாடி ரூமில் குடியிருக்கிற திருநெல்வேலிக்காரர் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பி இறங்கி வந்தவர், காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இது ஆறுமணிக் குருவில்லா! காலைல ஆறு, சாயந்தரம் ஆறு, டைமு தப்பாது. வெயில் காலம் வந்தா வடக்க போயிரும். குளிருக்குத்தான் நம்மகிட்ட வருது."

"அப்போ நம்ம ஷிஃப்டு ஆளுன்னு சொல்லு" என்றேன்.

இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் ஆளைப் பார்த்தேன். ஐயோ, என்ன கலர்! முதுகு பச்சை, வயிறு சந்தனம், கண்ணை ஒட்டி ஒரு கருப்புப் பட்டை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், வாலுக்கடியில் ரத்தச் சிவப்பு. வால் பாதியில் வெட்டினாற்போல் குட்டை. தரையில் தத்தித் தத்தி வந்து, வாழைச்சருகைப் புரட்டி, புழுவை இழுத்துத் தின்றது. நான் கலர் பார்த்தே வயிறு கழுவுகிறவன். அந்த நீலத்தை எந்த டின்னிலிருந்தும் எடுக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு காலையும் சாயந்தரமும் அது கூப்பிடுகிற பத்து நிமிடம் நாங்கள் சண்டை போடவில்லை. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். லெட்டர் பேச்சை அவள் எடுக்கமாட்டாள், நானும் முறைக்கமாட்டேன். கல்யாணம் ஆன புதிதில் கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

மார்கழி பாதியில் எலித் தொல்லை ஆரம்பித்தது. வாழைக்கு அடியில் வளை. மோட்டார் வயரைக் கடித்து இரண்டு தடவை தண்ணி நின்றுபோனது. மருந்து வைத்தால் செத்த எலியைத் தின்னும் மற்றதும் சாகும் என்று அவள் விடவில்லை. எங்கள் கம்பெனியில் எலிக்குப் பசை அட்டை வைப்பார்கள், க்ளூ பேடு என்று பேர். மீந்துபோனதில் நாலைந்து எப்போதோ என் பையோடு வீட்டுக்கு வந்திருந்தது. எடுத்தேன்.

"அங்கயா வெக்கப் போற? குருவி மேயற எடம்யா அது."

"எலிக்கு நைட் ஷிஃப்டு, குருவிக்கு டே ஷிஃப்டு. சாயந்தரம் அது கூவிட்டுப் போனதும் வெப்பேன். காலைல அது கூவனதும் எடுத்துடுவேன். கூவி அஞ்சு நிமிசம் கழிச்சிதானே கீழ எறங்குது? நான் பாக்கலியா?"

பார்த்தேன்தான். தினமும் பார்த்தேன். அதுவும் மணி அடித்த பிறகுதான் வேலைக்கு இறங்கும் என்று நம்பினேன். வாழ்க்கை முழுக்க சைரனுக்கு எழுந்து, சைரனுக்குத் தின்று, சைரனுக்கு மூத்திரம் போனவனுக்கு வேறு மாதிரி யோசிக்க வருமா? ஐந்து நாள் அப்படியே நடந்தது. இரண்டு எலி மாட்டியது. ஆறு மணிக்கு விசில் கேட்கும், எழுந்து போவேன், அட்டையை எடுப்பேன், குருவி இறங்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாம் நாள் ரேஷன் கடையில் பொங்கல் சாமான் கொடுக்கிறார்கள் என்று அவள் விடிவதற்கு முன்னாலேயே கியூவில் நிற்கக் கிளம்பினாள். "அட்டைய எடுத்துடு, மறந்துடாத" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முந்தின நாள் இருமல் அதிகமாகி மாத்திரை போட்டிருந்தேன். விழிப்பு வந்தாலும் உடம்பு எழவில்லை. விசில் கேட்டதும் போகலாம் என்று போர்வைக்குள் படுத்திருந்தேன். கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக நின்றது. இந்தப் பனிக்கு அதுவும் லேட்டாகத்தான் வரும் போலிருக்கிறது என்று திரும்பிப் படுத்தேன்.

கத்தாமலே இறங்கியிருந்தது. எனக்கு யார் சொன்னது, அது தினமும் கத்திவிட்டுத்தான் இறங்கும் என்று?

நான் போய்ப் பார்க்கும்போது ஏழு மணி ஆகியிருக்கும். அட்டையில் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தது. ஒரு இறக்கை முழுக்கப் பசையில், இரண்டு காலும் பசையில், வயிற்று முடியும் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னொரு இறக்கையைப் படபடவென்று அடித்தது. அட்டையோடு சேர்ந்து சருகெல்லாம் ஆடியது. காம்பவுண்டு மேல் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கல்லை விட்டெறிந்தேன். அட்டையை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடினேன். பூனை வரக்கூடாது, குளிர்காற்று படக்கூடாது, பசை விட்டதும் குருவி பறந்து எங்கேயாவது மோதக்கூடாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் கண்ணாடியையும் இழுத்து மூடினேன்.

பெயிண்ட் ஷாப் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் பெயிண்ட் பட்டால் பெயிண்ட் கரைக்கிற தின்னர். சட்டையில் பட்டால் தின்னர். சாப்பாட்டு மணி அடித்தால் சோப்புக்குப் போகமாட்டோம், கந்தல்துணியில் தின்னரை நனைத்து முழங்கை வரைக்கும் துடைத்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்போம். பதினாறு வருடத்தில் ஒட்டிய எதையும் நான் வேறெதனாலும் எடுத்ததில்லை. சமையலறையில் நல்லெண்ணெய் இருந்தது. இரண்டு சொட்டு எண்ணெயில் அந்தப் பசை தானாக வழுக்கிக்கொண்டு வந்திருக்கும் என்று அப்புறம் ஒருவர் சொன்னார். எனக்கு எண்ணெய் ஞாபகமே வரவில்லை. பாத்ரூம் மூலையில், ஜன்னல் கம்பி துடைக்க வைத்திருந்த தின்னர் பாட்டில்தான் கண்ணில் பட்டது.

மக்கில் ஊற்றினேன். பழைய பனியனைக் கிழித்து நனைத்தேன். குந்தி உட்கார்ந்து, அட்டையை முட்டி மேல் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. இறக்கையில் ஒவ்வொரு முடியாக, வேரிலிருந்து நுனிக்கு, ஒன்று கூடப் பிய்யாமல். முதலில் விரலைக் கொத்தியது. "சும்மாயிரு ராஜா, ஆச்சு, இதோ ஆச்சு" என்று பேசிக்கொண்டே துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கொத்துவதை நிறுத்தியது. இறக்கை அடிப்பதையும் நிறுத்தியது. அட, நம்மை நம்பிவிட்டது, நல்லது செய்கிறான் என்று புரிந்துகொண்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாய்விட்டுச் சிரித்தேன் கூட. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

கடைசியாக இடது கால். ஒவ்வொரு நகமாக விடுவித்தேன். குருவி முழுசாக என் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு முடி சேதமில்லை, அந்த நீலம் அப்படியே இருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். தலை என் விரலுக்கு வெளியே தொங்கியது.

ஊதிப் பார்த்தேன். தண்ணி தெளித்தேன். நெஞ்சை விரலால் தடவினேன். ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அழுதேன். அப்பன் செத்தபோது ஆம்பிளை என்று அடக்கிக்கொண்டதெல்லாம் சேர்ந்து வந்தது.

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அவள் கத்தினாள்.

"இன்னாயா இது நாத்தம்! வூடு பூரா கீது! தெருவுக்கே வருது! கேஸா? யோவ், எங்க கீற நீ?"

பாத்ரூம் கதவைத் தட்டினாள். தாழ்ப்பாளை எடுத்தேன். உள்ளே ஒரு கால் வைத்தவள் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கண்ணில் தண்ணி கொட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்துத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்தாள். என் கையில் குருவி இருந்தது. அவள் குருவியைப் பார்த்தாள், மக்கைப் பார்த்தாள், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள கதவ சாத்திகினா ஒக்காந்திருந்த? எப்டியா ஒக்காந்த? மூச்சு முட்டல?"

"நாத்தம்னியே, இன்னா நாத்தம்?" என்றேன்.

நிஜமாகத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்துப்போன குருவியைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

கொய்யாவுக்கு அடியில் அவளே குழி தோண்டினாள். மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் கத்தலாம். திட்டவில்லை. படியில் என்னை உட்கார வைத்தாள்.

"கண்ண மூடு. மூக்காண்ட நாலு சாமான் வெப்பேன். மூணு சரியா சொல்லு. பொங்கல் முடிஞ்சி நீ பூத்துக்கே போ, நான் வாயத் தொறக்க மாட்டேன், என் மேல சத்தியம். தப்பா சொன்னா இன்னிக்கே லெட்டர் எழுதணும்."

"சளிமே. சளி பிடிச்சா எவனுக்கு வாசன தெரியும்?"

"மூடுன்னா மூடு."

மூடினேன். சமையலறைக்குள் போய் வந்தாள். டப்பென்று ஒரு மூடி திறந்தது. எங்கள் வீட்டில் அப்படித் திறக்கிறது ஒரே ஒரு டப்பாதான். "பெருங்காயம்" என்றேன். அவள் சொல்லாமலே சரி என்று தெரிந்தது. அடுத்தது ஸ்க்ரூ மூடி, கிர்ரென்று நாலு சுற்று. "காப்பித்தூள்." அதுவும் சரி. எனக்கு ஜெயிக்கிற வெறி வந்துவிட்டது. ஆனால், பெருங்காயத்தை என் மூக்குக்கு நேராக நீட்டியிருக்கிறாள், எனக்குத் தண்ணி டம்ளர் மாதிரி இருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி? போன வருடமா? அதற்கு முந்தின வருடமா? பூத்துக்குள் புதுப் பையன்கள் முதல் வாரம் வாந்தி எடுக்கும்போது, எனக்குப் பழகிவிட்டது என்று பெருமையாகச் சொல்வேன். பழகியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுக்குச் சாமி படம் பக்கம் அவள் காலடி போய் வந்தது. "கற்பூரம்" என்றேன். "விக்ஸ்யா அது" என்றாள். இன்னும் ஒன்று. அதைச் சொல்லிவிட்டால் பூத்து என்னுடையது.

காலடிச் சத்தம் இல்லை. மூடிச் சத்தம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். லாரி போனது, தவிட்டுக்குருவிகள் கத்தின, எங்கேயோ பம்ப் ஓடியது. அவள் எங்கே நிற்கிறாள் என்று கூடத் தெரியவில்லை. கண்ணை மூடி மூடிக் கழுத்து வலித்தது.

"சீக்கிரம் கொண்டாந்து வை மே" என்றேன். "எவ்ளோ நேரம் இப்டியே ஒக்காந்திருக்கறது?"

"வெச்சிகினுதான்யா கீறேன்" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். ஒரு கையால் முந்தானையைச் சுருட்டித் தன் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. இன்னொரு கையில், என் மீசையில் படுகிற தூரத்தில், தின்னர் சொட்டச் சொட்ட அந்தப் பனியன் துணி இருந்தது.